விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு லாரித் தகடு

மின்சாரமே இல்லாத வீட்டில் ஒரு நிம்மதி உண்டு. விளக்கைத் துடைத்துத் திரியைத் திருத்தி, இருட்டுவதற்குள் வேலைகளை முடித்துக்கொள்வார்கள். மின்சாரம் வந்தும் வராமலும் இருக்கும் வீட்டின் பாடுதான் பெரும்பாடு. சேலம், நாமக்கல் சமவெளியில் 1990-களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாலையில் குழல்விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எரியாது. குண்டு பல்புக்குள் கம்பி மட்டும் சிவந்து தெரியும். சுழலும் மின்விசிறியின் இறக்கைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம்.

இத்தனைக்கும் நாங்கள் மின்சாரத்தின் பிறந்த வீட்டுக்குப் பக்கத்துக்காரர்கள். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. 1937-இல் அங்கே நீர்மின் உற்பத்தி தொடங்கியது. பின்னர் அனல்மின் நிலையமும் வந்தது. ஆயினும் ஊற்றுக்கு அருகில் குடியிருப்பவன் வயிறு நிறையக் குடிப்பான் என்பது நிச்சயமில்லை அல்லவா? மின்கம்பியும் ஒருவகை வாய்க்கால்தான். தலைமடையில் இருப்பவர்கள் பாய்ச்சியது போகத்தான் கடைமடைக்கு. எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, டிரான்ஸ்பார்மரிலிருந்து நெடுந்தொலைவு இழுத்த கம்பியின் கடைசியில் இருந்தது. வழியெங்கும் கிணற்று மோட்டார்கள். மோட்டார் ஒன்று புறப்படும் நொடியில், ஓடும்போது வாங்குவதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கம்பியில் ஓட்டம் மிகுந்தால் அழுத்தம் வழியிலேயே தேய்ந்துபோகும். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக்காரர்களும் இதே பாட்டைத்தான் பாடுவார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் அக்காலத்தில் வெளிநாட்டுச் சாமான்கள் வந்து இறங்கின. எங்கள் ஊரில் லாரி ஓட்டியவர்களில் சிலர் சவூதிக்குப் போய் டிரெய்லர் ஓட்டினார்கள். என் அத்தாவும் அவர்களில் ஒருவர். 1989 முதல் 1996 வரை தம்மாமில் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. வரும்போது பெட்டியில் என்ன இருக்கும் என்பது ஊருக்கே தெரியும்: வாசனைத் தைலம், போர்வை, பேரீச்சை, ஒரு மின்சாதனம்.

அந்த மின்சாதனத்தில்தான் சங்கடம். சவூதி அரேபியாவில் அந்நாளில் வீட்டுச் சுவரில் இருந்த மின்சாரம் 127 வோல்ட். நம் நாட்டிலோ 230. அங்கிருந்து வந்ததை இங்கே நேராகச் சொருகினால் ஒரு 'டப்' என்ற ஓசை, ஒரு நாற்றம், அத்துடன் கதை முடிந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டுப்பெட்டி பெருநாள் காலையில் அப்படி உயிரைவிட்டது. 2010-க்குப் பிறகுதான் அந்நாடு 230-க்கு மாறும் வேலையைப் படிப்படியாகத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே பாடுபட்டவர்களின் வீடுகளில் எல்லாம், 230-ஐ 110 ஆக இறக்கித் தரும் கனத்த இரும்புப் பெட்டி ஒன்று மூலையில் முனகிக்கொண்டிருக்கும். மின்னியல் படிக்காத நம் தாய்மார்கள், 'இது நூத்திப்பத்து, அது இருநூத்திமுப்பது' என்று சாமான்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

1993-இல் அத்தா கொண்டுவந்தது ஒரு டிவி கேம் பெட்டி. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெயரில் ஒரு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதை வடிவமைத்த மசாயுகி உவேமுரா 2021-இல்தான் மறைந்தார். அந்தப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள் ஆசியாவெங்கும் பரவின; நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் விளையாடியவை பெரும்பாலும் அந்த நகல்களே. எங்களுடையதும் நகல்தான். அது நகல் என்பதே எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் தெரியும். தெரிந்தபோது வருத்தமொன்றும் ஏற்படவில்லை.

நான் வரலாறு படித்தவன். காலையும் மாலையும் பிள்ளைகளுக்கு மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். மின்னியலில் எனக்கிருக்கும் அறிவு முழுவதும் இந்த ஒரு பெட்டியால் வந்தது. அதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பலர் வீட்டுப் பரணில் இத்தகைய பெட்டி ஒன்று இன்னமும் இருக்கக்கூடும்.

பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்கு வேண்டியது 5 வோல்ட் மட்டுமே. ஆனால் அடாப்டர் தருவது 9 அல்லது 10 வோல்ட். இடையே மூன்று கால்களுள்ள ரெகுலேட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். 7805 என்பது அதன் பெயர். அது ஒரு கண்டிப்பான மதகுக்காரர். எவ்வளவு வந்தாலும் ஐந்தைத்தான் திறந்துவிடுவார். மிஞ்சியதைத் தம் உடம்பில் சூடாக வாங்கிக்கொள்வார். 9 வந்தால் 4 வோல்ட் சூடாகும். 12 வந்தால் 7. பெட்டி 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்றால், முன்னதில் 1.2 வாட், பின்னதில் 2.1 வாட். காதில் விழும்போது சொற்பமாகத் தோன்றும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், கட்டைவிரல் நகமளவு பொருளின்மீது, சித்திரை மாதத்து நாமக்கல்லில், அது சொற்பமன்று. பக்கத்திலிருக்கும் கெப்பாசிட்டர்கள் அந்தச் சூட்டில் உலர்ந்து, தலை புடைத்துப்போகும்.

மதகுக்காரருக்கு இன்னொரு குணமும் உண்டு. ஐந்து கொடுக்க வேண்டுமென்றால் தம்மிடம் ஏழாவது வந்து சேரவேண்டும் என்பார். அதற்குக் கீழே போனால் கைவிரித்துவிடுவார். இப்போது எங்கள் ஊர் மாலையை எண்ணிப் பாருங்கள். சுவரில் 230 இருக்கவேண்டிய இடத்தில் 150. இரும்புப் பெட்டி 110-க்குப் பதில் 72 கொடுக்கும். அடாப்டரில் 9 வரவேண்டியது 6-க்கும் கீழே. மரியோ பாதிப் பாய்ச்சலில் அந்தரத்தில் நின்றுவிடுவான். திரையில் கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலேறும். பாட்டு ஒரே சுரத்தில் இழுக்கும். 'கேஸட்டில் தூசி' என்று எண்ணி நாங்கள் அதை உருவி வாயால் ஊதுவோம். ஊதுகிற நேரத்தில் எங்கோ ஒரு தோட்டத்தில் மோட்டாரை நிறுத்துவார்கள், பெட்டி இயங்கிவிடும். ஊதியதால்தான் இயங்கியது என்று ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தோம்.

மூன்றாவதாக ஒரு விஷயம். இதில்தான் அதிகமான பெட்டிகள் பலியாயின. அடாப்டரின் முனையில் உள்ள உருளைப் பின்னில் நடுவே ஒரு முனை, வெளியே ஒரு முனை. நம் கடைகளில் கிடைத்த அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர், வெளிமுனை எதிர். ஃபேமிலி கம்ப்யூட்டரிலும், அதைப் பார்த்துச் செய்த பல நகல்களிலும் இது தலைகீழ்: நடுமுனை எதிர். சேகாவின் மெகா டிரைவில் முதல் மாதிரிக்கு நடுமுனை எதிர், இரண்டாம் மாதிரிக்கு நேர். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயர் கொண்ட பெட்டிகள்! வோல்ட்டைச் சரிபார்த்து வாங்கியவர்கள்கூட இந்தத் திசையைப் பார்க்கத் தவறிவிடுவார்கள். அடாப்டரின்மீது ஒரு புள்ளியையும் அதைச் சுற்றிய பிறையையும் வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் கோடிழுத்துக் கூட்டல், கழித்தல் குறி போட்டிருப்பார்கள். அதை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொருகுவது நல்லது. மூன்று முதல் பன்னிரண்டு வோல்ட் வரை நகர்த்தும் பொத்தானும், எட்டுக்கால் பூச்சிபோல் பல பின்களும் கொண்ட 'எல்லாவற்றுக்கும் ஒன்று' அடாப்டர்கள் அந்நாளில் வந்தன. பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் அப்படி ஒரு பொத்தானை வைத்தவரின் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன்.

எங்கள் வீட்டில் வேறொரு வழக்கும் இருந்தது. நூத்திப்பத்து இரும்புப் பெட்டி ஒன்றே ஒன்று. அது அம்மாவின் சவூதி மிக்சிக்காக வாங்கியது. மாலையில் சட்னி அரைக்கும் நேரமும் எங்கள் விளையாட்டு நேரமும் ஒன்றாகவே வாய்க்கும். சட்னியா, மரியோவா என்ற வழக்கில் தீர்ப்பு எப்போதும் சட்னிக்கே.

1994-இல் அத்தா விடுமுறையில் வந்திருந்தார். நாற்பது நாளும் மாலை மின்சாரத்தின் இலட்சணத்தை உடனிருந்து பார்த்தார். பிள்ளைகள் மூவரும் இருட்டில் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, மின்சாரம் வருமா என்று காத்திருந்ததை அவர் திண்ணையிலிருந்து கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. பேசுகிற ஆள் அல்லர் அவர். ஒரு நாள் காலை பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினார். லாரி ஓட்டிய காலத்துச் சிநேகிதர் ஒருவர் அங்கே லாரிகளுக்கு வயரிங் செய்துவந்தார். எங்களுக்கு அவர் எலக்ட்ரீசியன் மாமா. மாலையில் அத்தா திரும்பியபோது பெட்டியுடன் ஒரு பழைய லாரி பேட்டரியும் வந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்யும் வலு அதற்குப் போய்விட்டது. மற்ற வேலைக்கு உதவும் என்றார்.

எங்களிடம் இருந்தது 14 அங்குலக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. அக்காலத்துக் கையடக்கப் பெட்டிகள் பலவற்றில் பின்புறம் 12 வோல்ட்டுக்கென ஒரு துளை இருக்கும். மின்சாரம் இல்லாத ஊருக்காக வைத்தது. அதில் ஒரு கம்பி, கேம் பெட்டிக்கு ஒரு கம்பி. இரண்டின் முனையிலும் முதலைவாய்க் கிளிப்புகள். பேட்டரியில் கவ்வவைத்தார். தெருவே இருட்டாயிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் மரியோ ஓடினான். அன்றிரவு எங்கள் வீட்டு முற்றத்தில் இருபது பிள்ளைகளாவது இருந்திருப்பார்கள். மஃக்ரிபுக்குப் பின் தொடங்கி, இஷா பாங்கு கேட்டதும் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம்.

அதன்பின் மின்சாரம் இருந்தாலும் நாங்கள் பேட்டரியையே நாடினோம். அதில் ஏற்ற இறக்கம் இல்லை. பத்து நாளுக்கொருமுறை தம்பியும் நானும் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சார்ஜ் போடுமிடத்துக்குப் போவோம். மிக்சிக்கு அதன் இரும்புப் பெட்டி திரும்பக் கிடைத்தது. ஒரு நாள் தம்பி கேம் பெட்டியின் கிளிப்புகளை மாற்றிக் கவ்வவைத்துவிட்டான். சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. பெட்டி இயங்கவில்லை. திருப்பிப் போட்டதும் இயங்கியது. அதன் பொருளை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. அந்தக் கம்பியின் நடுவே, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு தடிப்பு பாக்களவில் இருந்ததையும் கம்பி ஒட்டுப்போட்ட இடம் என்றே எண்ணியிருந்தோம்.

அத்தா 1996-இல் முழுமையாகத் திரும்பினார். 1997 ஜனவரி முதல் நாளன்று நாமக்கல் தனி மாவட்டமானது. நாங்கள் கல்லூரிக்குப் போனோம், பெட்டி பரணுக்குப் போனது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்தில், வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கியபோது, அத்தா பேட்டரியைத் தாமே தூக்கி வைத்து, தாமே கிளிப்பை முடுக்கினார். விளையாட்டுப் பெட்டியைப் பற்றி அப்போதும் பேச்சு எழவில்லை. 2020-இல் வஃபாத்தானார்கள்.

சென்ற ஆண்டு பரணை ஒழித்தபோது பெட்டி கீழே வந்தது. என் தங்கையின் மகன், எனக்கு மருமகன், பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறான். அவன் கண்ணில் அது பட்டபிறகு வீட்டில் யாருக்கும் அமைதியில்லை.

முதலில் அவன் செய்தது எனக்குப் பிடித்திருந்தது: மின்சாரம் கொடுக்கவில்லை. 'இத்தனை வருசம் சும்மா கிடந்ததுக்கு எடுத்தவுடனே கரண்ட் குடுக்கக் கூடாது மாமா' என்றான். நோயாளிக்கு முதல் வேளையே பிரியாணி ஆகாதல்லவா? ஐந்து திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தான். திறந்தவன் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'இது கம்பெனி வேலை இல்லை' என்றான்.

ரெகுலேட்டருக்குப் பின்னால், அதன் சூட்டை வாங்கிப் பரப்புவதற்காக, உள்ளங்கையில் பாதியளவு அலுமினியத் தகடு ஒன்று மரையாணியால் முடுக்கப்பட்டிருந்தது. லாரிக்குப் பாடி கட்டும் தகடு. ஓரத்தில் ஒரு ரிவெட் துளை. ஒரு மூலையில் பச்சைப் பெயிண்ட். பெட்டிக்குள் இடம் போதாமல் தகட்டை இரண்டு முறை மடக்கி, பிளாஸ்டிக் உருகாதபடி நடுவே சிறிது இடைவெளி விட்டு, பக்கவாட்டில் நான்கு துளைகளும் போட்டிருந்தார்கள். துளைகள் ஒரே நேராக இல்லை. சூடேறிய ஆணியால் போட்டவை.

பிறகு கம்பியின் தடிப்பைப் பிரித்தான். உள்ளே வரிசையாக நான்கு டயோடுகள். அரிசிமணி அளவில் கறுப்பாக, ஒரு முனையில் வெள்ளிக் கோடு போட்டிருந்த அவற்றை, ஒன்றன் வாலை ஒன்றின் தலையில் முறுக்கிப் பற்றவைத்திருந்தார் எலக்ட்ரீசியன் மாமா. கம்பியின் முனையில் இருந்தது, சவூதி அடாப்டரிலிருந்து வெட்டியெடுத்த பின்.

மருமகன் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினான். டயோடு ஒவ்வொன்றும் தன்னைக் கடக்கும் மின்சாரத்திடம் 0.7 வோல்ட் சுங்கம் வாங்கிக்கொள்ளும். நான்குக்கு 2.8. பேட்டரியின் 12.6 வோல்ட், ரெகுலேட்டரைச் சேரும்போது 9.8 ஆகிவிடும். ரெகுலேட்டர் தனியாகச் சுமந்திருக்க வேண்டிய 2.3 வாட் சூடு 1.4 ஆகக் குறையும். மீதியை டயோடுகள் பெட்டிக்கு வெளியிலேயே வாங்கிக்கொள்ளும். இது ஒரு பயன். டயோடு ஒருவழிப் பாதை என்பது இன்னொரு பயன். கிளிப்பை மாற்றிக் கவ்வவைத்தால் மின்சாரம் உள்ளே நுழையவே முடியாது. தம்பி மாற்றிப்போட்ட அன்று பெட்டி பிழைத்தது அதனால்தான். பிள்ளைகள் என்றாவது ஒரு நாள் மாற்றிப் போடுவார்கள் என்பதை ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்த இருவரும் முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இதன்பிறகுதான் சண்டை தொடங்கியது. மருமகனின் திட்டம் இது: ரெகுலேட்டரையும் தகட்டையும் கழற்றிவிட்டு, செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டை நேராகச் சில்லுக்குக் கொடுப்பது. சூடே இருக்காது, பவர்பேங்கிலும் ஓடும். பழைய பெட்டிகளை வைத்திருப்போர் பலர் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். என் தங்கை ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள்: 'அத்தா வைத்ததை எடுக்கக் கூடாது.' மருமகன் விடவில்லை. கம்பியின் ரப்பர் வெடித்திருக்கிறது, கெப்பாசிட்டர் இரண்டு புடைத்திருக்கின்றன, அப்படியே வைப்பதென்றால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம், விளையாட முடியாது என்றான்.

நான் வரலாறு படித்தவன் என்பதால் தங்கையின் பக்கம் சாய்ந்தேன். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறேன் என்று சுண்ணாம்புக் காரையின்மேல் சிமெண்டைப் பூசிக் கெடுத்த பள்ளிவாசல்கள் பலவற்றைக் கண்டவன் நான். ஆனால் கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள்: 'புதுசா வாங்கியாந்த சாமானையே உங்க அத்தா வெட்டித்தானே ஒட்டுனாரு. அப்ப நான் சத்தம் போட்டேன். வச்சது வச்சபடியே இருக்கணும்னு அவரு நெனச்சிருந்தா இந்தத் தகடு எங்கிருந்து வந்திருக்கும்?'

தங்கை பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தேநீர் வைத்தாள்.

வழி ஒன்று கிடைத்தது. அதைக் கண்டவனும் மருமகனே. ரெகுலேட்டரைத் தனியாகச் சோதித்தான். 4.98 வோல்ட். முப்பது ஆண்டுக்குப் பிறகு 5-க்கு 4.98 என்றால் அந்தத் தகட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நன்றாக வேலை செய்வதைக் கழற்ற வேண்டியதில்லை என்று அவனே இறங்கிவந்தான். சார்ஜரிலிருந்து நேராகக் கொடுப்பதில் ஒரு குறையும் இருப்பதாகச் சொன்னான்: மதகுக்காரர் இல்லாத வாய்க்காலில், சார்ஜர் என்றைக்குக் கெடுகிறதோ அன்றைக்கு அது தருவதெல்லாம் சில்லின்மேலேயே விழும். சூடேறாத புதுவகை ரெகுலேட்டர்களும் கடையில் உள்ளன. அதே மூன்று கால், அதே உருவம். மட்டமானதை வாங்கினால் படத்தில் மெல்லிய கோடுகள் நெளியும். ஆகவே தகடும் ரெகுலேட்டரும் இருந்த இடத்திலேயே இருந்தன. புடைத்த கெப்பாசிட்டர்களை மட்டும் சேலத்தில் வாங்கிவந்து மாற்றினான். இரண்டும் சேர்த்து பஸ் கட்டணத்தைவிடக் குறைந்த விலை.

வெளியே, இக்காலத்து அடாப்டர் ஒன்று: 9 வோல்ட், 1 ஆம்பியர். நடுமுனையை எதிராக மாற்றிப் பற்றவைத்து, அதன்மீது காகிதம் ஒட்டி, 'நடு எதிர். வேறு எதிலும் சொருகாதே' என்று என்னை எழுதித் தரச் சொன்னான். எழுதும்போதுதான் அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருந்த வரியைக் கவனித்தேன்: 100 முதல் 240 வோல்ட் வரை, 50, 60 ஹெர்ட்ஸ். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். சவூதியில் அன்று 127. இங்கே பெயரளவில் 230, மாலையில் 150. அத்தனை சுவர்களிலும் இந்த ஐம்பது கிராம் பொருள் ஓடும்; எதில் சொருகினாலும் 9 வோல்ட்டே தரும். எத்தனை வீடுகளில் எத்தனை இரும்புப் பெட்டிகளை இந்த ஒரு வரி பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியிருக்கிறது! எங்கள் நூத்திப்பத்தும் அப்படித்தான் போனது. செம்புக் கம்பிக்காக நல்ல விலை கொடுத்தார்கள்.

இன்னொரு மாற்றத்தையும் மருமகன் செய்யப் பார்த்தான். அதை எழுதாமல் விடக்கூடாது. தங்கை வீட்டில் பழையதாக வாங்கிய வண்ணத் தொலைக்காட்சி ஒன்று இருக்கிறது. அதற்கு ஏரியல் துளை மட்டும்தான். படத்துக்கும் ஒலிக்கும் தனித் துளை கிடையாது. ஏரியல் வழியாகக் கொடுத்தால் படத்தில் புள்ளிகள் விழும். பின்பக்கம் துளையிட்டு, உள்ளிருந்து கம்பி இழுத்துப் படத்துளை வைத்துவிடலாம் என்று அவன் புறப்பட்டபோது, ஊரில் நெடுங்காலம் தொலைக்காட்சி பழுதுபார்த்த பெரியவர் ஒருவரிடம் கேட்டுவரச் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். அப்படிப்பட்ட பழைய பெட்டிகள் சிலவற்றில், உள்ளேயுள்ள பலகையின் எதிர்முனை சுவர் மின்சாரத்துடன் நேரடித் தொடர்பில் இருக்கும். இடையே பிரித்துவைக்கும் டிரான்ஸ்பார்மர் இராது. ஏரியல் துளையில் மட்டும் தடுப்புக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி நேராக ஒரு கம்பியை வெளியே கொண்டுவந்தால், கேம் பெட்டியின் உலோகப் பாகமெல்லாம் 230 வோல்ட்டைச் சுமக்கும்; பிள்ளைகள் கையில் பிடித்திருக்கும் விசைப்பலகையின் கம்பியும் அதில்தான் சேர்கிறது. 'படம் தெளிவா வரும் தம்பி. ஆள் இருக்கமாட்டோம்' என்றார் பெரியவர். பழைய சாமான்களில் கைவைக்கும் இளைஞர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். 5 வோல்ட் பக்கத்தில் தவறு செய்தால் போவது ஒரு சில்லு.

ஆகவே ஏரியல் கம்பியிலேயே இணைத்தோம். புள்ளிகள் விழத்தான் செய்கின்றன. என் பார்வைக்கு அது குறையாகத் தெரியவில்லை. நாங்கள் புள்ளிகளோடுதான் மரியோவைப் பார்த்து வளர்ந்தோம்.

ஒரு வியாழன் மாலை தங்கை வீட்டில் இதைக் காண அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களில் என்னிடம் ஓதுகிறவர்களும் உண்டு. ஒரு பையனின் தந்தை வாசலில் நின்றவாறு, 'என்ன ஹஜ்ரத், நீங்களேவா?' என்று சிரித்தார். இஷாவோடு முடிந்துவிடும் என்றேன். அவர் நம்பாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்; சற்று நேரத்தில் விசைப்பலகையைக் கேட்டு வாங்கினார். செல்போன் விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் முறையீடுகள் வேறு ரகம். அவற்றுக்கு முடிவே இல்லை, காசும் கேட்கின்றன. இந்தப் பெட்டியில் மூன்று உயிர் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பான்.

அம்மாவும் வந்திருந்தார்கள். அரைமணி நேரம் ஓடியபின் மருமகன் பெட்டியின் பக்கவாட்டில், ஆணியால் போட்ட துளைகளின்மேல் கையை வைத்துப் பார்த்தான். கை பொறுக்கும் சூடுதான். அம்மாவின் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தான். அவர்கள் சற்று நேரம் கையை எடுக்கவில்லை.

வெடித்த கம்பியிலிருந்து பிரித்தெடுத்த நான்கு டயோடுகள் மருமகனின் கருவிப் பெட்டியில் உள்ளன. மீட்டரில் வைத்துப் பார்த்தான். நான்கும் வேலை செய்கின்றன. முறுக்கியதைப் பிரிக்கவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து இந்தப் பெட்டிக்கு ஒரு கம்பி இழுக்கவேண்டும், அதில் இவற்றையே போடலாம் என்கிறான்.